உபுண்டு எங்கே போனது?

2024 ஆகஸ்ட் 14, புதன்கிழமை. மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திரப் பாதுகாப்புப் புதுப்பிப்பை அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமை காலையில் வெளியிடும். மலேசியாவில் அப்போது புதன் பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அந்த வாரம், விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருந்த பலர் காலையில் கணினியை இயக்கியபோது கறுப்புத் திரையில் இரண்டு வரிகளைக் கண்டார்கள். 'ஷிம்' என்ற ஒன்றின் 'எஸ்பேட்' தகவலைச் சரிபார்க்க முடியவில்லை, பாதுகாப்பு விதி மீறப்பட்டது என்றது முதல் வரி. ஏதோ மிக மோசமாகத் தவறிவிட்டது என்றது இரண்டாவது. சில நொடிகளில் கணினி தானாகவே அணைந்துபோனது.

உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட், ஸோரின் என்று பல லினக்ஸ் வகைகளில் இதே கதைதான். முந்தின நாள் வரை ஒழுங்காக ஓடிய கணினி அது. லினக்ஸ் பக்கத்தில் யாரும் எதையும் தொடவில்லை. விண்டோஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இது உங்களுக்கு ஏன் தேவை என்கிறீர்களா? 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி பல பழைய மடிக்கணினிகளுக்கு இல்லை. அண்ணனோ அக்காவோ பயன்படுத்திவிட்டுத் தந்த கணினியில் விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் உபுண்டுவையும் நிறுவிக்கொள்ளும் மாணவர்கள் இருக்கிறார்கள். படிவம் 4-இல் கணினி அறிவியல் எடுத்தவர்கள் நிரல் எழுதிப் பழகவும் அது வசதி. ஆனால் ஒருநாள் இரண்டில் ஒன்று காணாமல் போனால், கடைக்காரரோ நண்பரோ முதலில் சொல்வது, "ஃபார்மட் பண்ணிடு" என்பதுதான். அதைச் செய்தால் பாடவேலை, படங்கள் எல்லாம் போய்விடும். ஆகஸ்ட் 2024 கோளாறில் அதைச் செய்தும் பயன் இருந்திருக்காது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

தைப்பிங் மாணவர்களுக்கு இரயிலை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். நாட்டின் முதல் இரயில் பாதை 1885 ஜூன் 1-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, அதாவது இன்றைய கோலா செப்பத்தாங்குக்கு, திறக்கப்பட்டது. ஏறக்குறைய 13 கிலோமீட்டர். ஒரே பாதை என்றால் குழப்பமே இல்லை. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில்தான் தண்டவாளத்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவைக்க ஓர் ஆள் வேண்டும். கணினியில் அந்த வேலையைச் செய்வது 'கிரப்' என்னும் துவக்க நிரல். உபுண்டுவா விண்டோஸா என்று கேட்கும் பட்டியலைத் திரையில் காட்டுவது அதுதான்.

கிரப்புக்கு முன்னால் இன்னும் இருவர் இருக்கிறார்கள். மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் 'யூஈஎஃப்ஐ' என்ற நிரல். எந்தத் துவக்க நிரலை முதலில் அழைப்பது என்ற வரிசையை அது வன்தட்டில் வைத்திருப்பதில்லை. தாய்ப்பலகையிலேயே உள்ள, மின்சாரம் போனாலும் அழியாத சிறிய நினைவகத்தில் வைத்திருக்கிறது. 'செக்யூர் பூட்' என்னும் காவல் முறை இயங்கிக்கொண்டிருந்தால், கையெழுத்து உள்ள நிரலை மட்டுமே உள்ளே விடும். மைக்ரோசாஃப்டின் மின்கையெழுத்து பெற்ற 'ஷிம்' என்ற குட்டி நிரல் அங்கே லினக்ஸ் சார்பில் நுழைவுச் சீட்டைக் காட்டுகிறது. ஷிம் கிரப்பைச் சோதிக்கும். கிரப் லினக்ஸின் கருவைச் சோதிக்கும். சங்கிலியில் ஒரு கண்ணி ஒத்துவராவிட்டாலும் வண்டி நகராது.

இனி எஸ்பேட். 2020-இல் கிரப்பில் 'பூட்ஹோல்' என்ற பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ஓட்டை உள்ள பழைய நிரல்களையெல்லாம் தடைப்பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. 3 சான்றிதழ்கள், 150 நிரல்களின் அடையாள எண்கள். இதுவே சுமார் 10 கிலோபைட். தாய்ப்பலகையில் தடைப்பட்டியலுக்குப் பொதுவாக இருக்கும் இடம் 32 கிலோபைட்தான். இப்படியே இன்னும் இரண்டு முறை நடந்தால் இடம் தீர்ந்துவிடும்! ஒரே ஒரு கைப்பேசிப் படத்துக்கே சில ஆயிரம் கிலோபைட் செலவழிக்கும் காலத்தில், உலகக் கணினிகளின் காவல் இவ்வளவு சிறிய இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது.

அதற்குக் கண்ட தீர்வு அழகானது. ஒவ்வொரு நிரலையும் தனித்தனியாகத் தடைசெய்வதற்குப் பதிலாக, ஒவ்வொரு துவக்க நிரலுக்கும் ஒரு தலைமுறை எண் கொடுத்துவிட்டார்கள். ஆபத்தான ஓட்டை ஒன்று அடைக்கப்படும்போது எண் ஒன்று கூடும். 'கிரப் என்றால் 3-ஆம் தலைமுறைக்குக் குறைந்தது வேண்டாம்' என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும், பழையவை அனைத்தும் நின்றுவிடும். அந்த ஏற்பாட்டின் பெயர்தான் எஸ்பேட்.

2022-இல் கிரப்பில் இன்னோர் ஓட்டை தெரியவந்தது. அது எங்கே இருந்தது தெரியுமா? எழுத்துருக் கோப்பைப் படிக்கும் பகுதியில். திரையில் எழுத்துகளை வரையும் சாதுவான வேலைக்குள் இருந்த கணக்குப் பிழையைப் பிடித்துக்கொண்டு, செக்யூர் பூட் காவலையே தாண்டிவிடலாம் என்று ஆனது. அந்த ஓட்டையுள்ள பழைய கிரப்பைத் தடுக்கத்தான் 2024 ஆகஸ்ட் புதுப்பிப்பு எஸ்பேட் வரியை உயர்த்தியது. இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினிகளை இது தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனால் சில கணினிகளில் லினக்ஸ் இருப்பதை அதன் சோதனை கண்டுபிடிக்கத் தவறியது.

நோக்கம் சரி, செய்த விதம் சரியில்லை என்பது என் கருத்து. மைக்ரோசாஃப்ட் அடுத்த மாதத்திலிருந்தே அந்த மாற்றத்தைப் புதுப்பிப்பிலிருந்து எடுத்துவிட்டது. முழுமையான தீர்வு 2025 மே மாதப் புதுப்பிப்போடுதான் வந்தது. ஒன்பது மாதம்!

இப்போது ஃபார்மட் விஷயத்துக்கு வருவோம். எஸ்பேட் வரி தாய்ப்பலகை நினைவகத்தில் எழுதப்பட்டுவிட்டது. வன்தட்டை முழுவதும் அழித்துவிட்டு அதே பழைய உபுண்டுவை மீண்டும் நிறுவப் பார்த்தாலும் அதே செய்திதான் வரும். பழைய லினக்ஸ் பதிந்த யூஎஸ்பி விரலியைச் செருகினால் அதுவும் மறுக்கப்படும். பூட்டு கதவில் இருக்கிறது, நாம் அலமாரியைக் காலி செய்துகொண்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியது வேறு. ஆனால் முதலில் ஓர் எச்சரிக்கை. உங்கள் விண்டோஸ் 'பிட்லாக்கர்' முறையில் வன்தட்டைப் பூட்டியிருந்தால், செக்யூர் பூட்டை நிறுத்தியதும் அது சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். பல கணினிகளில் இந்தப் பூட்டு நமக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கும். மீட்பு எண் பெரும்பாலும் விண்டோஸில் நுழையப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினியை அப்பா பெயரில் பதிந்திருந்தால் அப்பாவின் கணக்கில் இருக்கும். அதைத் தாளில் எழுதிக்கொண்ட பிறகே அடுத்த வேலை.

கணினியை இயக்கியவுடன் எஃப் 2 அல்லது டெலீட் விசையைத் தட்டினால் யூஈஎஃப்ஐ அமைப்புகள் திறக்கும் (நிறுவனத்துக்கு நிறுவனம் விசை மாறும்). அங்கே செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். உபுண்டு திறந்துவிடும். இணையத்தில் இணைத்து, எல்லா மென்பொருளையும் புதுப்பியுங்கள். புதிய ஷிம்மும் புதிய கிரப்பும் வந்தால் தலைமுறை எண் ஒத்துப்போகும், பிறகு செக்யூர் பூட்டை மறுபடி இயக்கலாம். உங்கள் லினக்ஸ் வகைக்குப் புதிய ஷிம் வராவிட்டால் மட்டும், 'மோக்யூட்டில்' என்ற கருவியால் எஸ்பேட் வரியை அழிக்கும்படி ஆணையிட்டு, செக்யூர் பூட் நின்றிருக்கும்போதே ஒருமுறை லினக்ஸுக்குள் சென்று வந்து, பின்னர் இயக்க வேண்டும். பூட்டையே கழற்றும் வேலை என்பதால் இதை இரண்டாவதாக வைக்கிறேன்.

எல்லாக் கோளாறும் இவ்வளவு ஆழமானதல்ல. செய்தி எதுவும் இல்லாமல் நேரே விண்டோஸ் திறந்துகொண்டால், உபுண்டு அழியவில்லை, துவக்க வரிசை மாறியிருக்கிறது. யூஈஎஃப்ஐ அமைப்பில் உபுண்டு என்ற பெயரை மேலே ஏற்றினால் முடிந்தது. யூஈஎஃப்ஐ இல்லாத மிகப் பழைய கணினியில் துவக்க நிரல் வன்தட்டின் முதல் 512 பைட்டுக்குள் இருக்கும். விண்டோஸை மறுபடி நிறுவினால் அந்த இடத்தில் தன்னுடையதை எழுதிவிடும். அங்கே யூஎஸ்பி விரலியிலிருந்து லினக்ஸைத் திறந்து கிரப்பை மட்டும் மீண்டும் பதிய வேண்டும், கோப்புகள் அப்படியே இருக்கும்.

தலைகீழாகவும் நடக்கும். லினக்ஸைப் புதுப்பித்த பிறகு பட்டியலில் விண்டோஸைக் காணோம். 2021-இல் வந்த கிரப் 2.06, மற்ற இயங்குதளங்களைத் தேடும் வேலையைப் பாதுகாப்புக் கருதி இயல்பாகவே நிறுத்திவைத்தது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அந்தத் தேடலை அனுமதித்து, பட்டியலைப் புதுப்பித்தால் விண்டோஸ் திரும்பிவிடும்.

எல்லாம் சரியான பிறகும் ஒரு சிறு தொல்லை மிஞ்சலாம்: கடிகாரம். உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குப் போனால் பிற்பகல் 3 மணிக்குக் காலை 7 என்று காட்டும். சரியாக 8 மணி நேர வித்தியாசம். தாய்ப்பலகையில் பட்டன் பேட்டரியில் ஓடும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று நினைத்துப் படிக்கிறது. மலேசிய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முந்தியது, அதனால்தான் அந்த எண். உள்ளூர் நேரத்தையே எழுதும்படி லினக்ஸுக்கு ஓர் ஆணை கொடுத்தால் சண்டை தீரும். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி நேரம் முன்னே நகர்ந்து சபா, சரவாக்கோடு சேர்ந்துகொண்டது 1982 ஜனவரி 1-இல்தான். அதற்கு முன் நடந்திருந்தால் வித்தியாசம் ஏழரை மணி நேரமாக இருந்திருக்கும்.