தாத்தா வேட்டியில் பாப்பாவுக்கு ஜப்லா... தைப்பதற்கு முன் இதைக் கவனியுங்கள்!

ஓடைப்பட்டி என்றதும் நினைவுக்கு வருவது விதையில்லா திராட்சைதான். தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேகமலை அடிவாரத்தில் இருக்கிறது இந்தப் பேரூராட்சி. சுற்றிலும் திராட்சைப் பந்தல்கள். தமிழ்நாட்டின் பல ஊர்களைப் போலவே, இங்கும் வீட்டில் ஒரு பிரசவம் நெருங்கினால் பழைய டிரங்குப் பெட்டி திறக்கப்படும். தாத்தாவின் வேட்டி, பாட்டியின் நூல் சேலை, அம்மாவின் நைட்டி எல்லாம் வெளியே வரும். கத்தரிக்கோலும் தையல் மெஷினும் தயாராகும்.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல் பழைய துணியைச் சுற்றுவது நம் வீடுகளில் நெடுநாள் பழக்கம். ‘பெரியவங்க கட்டின துணியைப் போட்டா ஆயுசு கெட்டி’ என்பார்கள் பாட்டிகள். நம்பிக்கை ஒருபக்கம் இருக்கட்டும், அதில் நடைமுறைக் காரணமும் உண்டு. புதுத்துணியில் கஞ்சி, சாயம், மடிப்புக் கலையாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் எல்லாம் ஒட்டியிருக்கும். பலமுறை துவைத்த பருத்தித் துணியில் அவை பெரும்பாலும் போய்விடும். நூல் இளகி, மெத்தென்று ஆகிவிடும். வியர்வையையும் நன்றாக உறிஞ்சும்.

இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் சொந்தமல்ல. பீகாரில் பழைய சேலைகளை அடுக்கித் தைத்து, பிறந்த குழந்தையைப் பொதிந்து வைப்பார்கள். ‘சுஜனி’ என்ற அந்தக் கைவேலை இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-ல் பிரிட்டனில் துணிக்கு ரேஷன் வந்தது. பழையதை வெட்டித் தைத்துச் சமாளிக்க மக்களுக்கு வழிசொல்லி, 1943-ல் அரசே கையேடு வெளியிட்டது.

ஆனால், துணி மெத்தென்று இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. அது இத்தனை நாள் எங்கே இருந்தது என்றும் கேட்க வேண்டும்.

பெட்டிக்குள் இருந்த துணியா?

பூச்சி அரிக்காமல் இருக்க பீரோவிலும் பெட்டியிலும் போடும் அந்துருண்டை, அதாவது பாச்சை உருண்டை, பல நேரங்களில் நாப்தலீனால் ஆனது. அதன் ஆவி துணியில் படிந்துவிடும். அந்தத் துணியைப் பச்சிளம் குழந்தைக்குப் போடும்போது, மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் நாப்தலீன் உடலுக்குள் போகலாம். எண்ணெய் தேய்த்த உடம்பு என்றால் இன்னும் எளிதாக உறிஞ்சப்படும்.

‘ஜி6பிடி’ என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இது பெரிய ஆபத்து. ரத்தச் சிவப்பணுக்கள் வேகமாக உடைந்து, ரத்தசோகையும் கடுமையான மஞ்சள்காமாலையும் வரலாம். காமாலை முற்றினால் மூளையே பாதிக்கப்படும். பிறவியிலேயே வரும் இந்தக் குறைபாடு தங்கள் குழந்தைக்கு இருப்பது பல பெற்றோருக்குத் தெரியாது.

எனவே, அந்துருண்டையோடு இருந்த துணி பச்சிளம் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். குழந்தையின் கண்ணோ தோலோ மஞ்சளாவது, உடல் வெளிறுவது, சிறுநீர் அடர்நிறமாகப் போவது, பால் குடிக்க மறுப்பது போன்ற அறிகுறிகள் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்துருண்டை வைத்த துணியைப் பயன்படுத்தியிருந்தால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். குழந்தைக்கென எடுத்துவைக்கும் துணிகளுக்கு நடுவே, காய்ந்த வேப்பிலையை ஒரு துணியில் முடிந்து வைத்தால் போதும்.

தோட்டத்துக்குப் போன துணியா?

திராட்சை நோஞ்சான் பயிர். சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும் என்பதால் அடிக்கடி மருந்தடிக்க வேண்டியிருக்கும். அப்போது உடுத்திய லுங்கியும் சட்டையும் நைந்து மெத்தென்று ஆகியிருக்கலாம். என்றாலும், குழந்தைக்கு அவை ஆகாது. பூச்சிக்கொல்லி நூலுக்குள் ஊறியிருந்தால் துவைத்தாலும் முழுதாகப் போகும் என்று சொல்ல முடியாது. தோட்டத்துத் துணியையும் குழந்தைத் துணியையும் ஒரே வாளியில் ஊறவைப்பதும் கூடாது. கைமாறி வந்த துணி என்றால், கொடுத்தவரிடம் இதைக் கேட்டுவிடுவது நல்லது. கேட்க வழியில்லாத துணியை வீட்டைத் துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

எப்படித் தைப்பது?

*துணியைச் சோதியுங்கள்:* ஓரத்தில் ஒரு நூலை உருவி, குழந்தைகள் அருகில் இல்லாத இடத்தில் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையும் பொடிச் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகி, கெட்டியான மணிபோல் திரண்டால் பாலியஸ்டர் கலந்தது. அது நம் ஊர் வெயிலுக்குப் புழுங்கும்.

*துவையுங்கள்:* வெட்டுவதற்கு முன் வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் காயவையுங்கள். வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம்.

*வெட்டுங்கள்:* பிறந்த குழந்தைக்கு 10 அங்குல அகலம், 11 அங்குல உயரம் கொண்ட ஜப்லா தாராளம். கையைத் தனியாக ஒட்டாமல் உடம்போடு சேர்த்தே வெட்டினால் தையல் குறையும். முதுகுப் பக்கம் முழுக்கத் திறந்திருந்தால், தலைவழியாக மாட்ட வேண்டியதில்லை. நான்கு முழ வேட்டி ஒன்றில், நைந்த பகுதி போக ஐந்தாறு ஜப்லா தேறும். மிச்சத்தை இடுப்புத்துணிக்குச் சதுரமாக வெட்டிக்கொள்ளலாம்.

*தையுங்கள்:* தையல் மடிப்பு வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்ளே இருந்தால் குழந்தையின் தோலை உறுத்தும். பட்டன், ஊக்கு, மணி, ஜரிகை எதுவும் வேண்டாம். பட்டன் கழன்றால் வாய்க்குள் போய்விடும். கழுத்தைச் சுற்றி நாடா கூடாது. முதுகில் குட்டையான நாடா ஒன்றிரண்டு போதும். நூல் பிசிறுகளை ஒட்ட நறுக்கிவிடுங்கள். அவை பிஞ்சு விரலில் சுற்றினால் ரத்த ஓட்டம் தடைப்படும்.

இன்னொன்று, ஜப்லாவுக்கு ஏற்ற நைந்த சேலை தொட்டிலுக்கு ஏற்றதல்ல. குழந்தையின் எடையைத் தாங்க வேண்டிய சேலை உறுதியாக இருக்க வேண்டும்.

ஒரு ஜப்லா இரண்டு, மூன்று மாதங்களில் சிறிதாகிவிடும். அதைத் துவைத்து மடித்து வைத்தால் அடுத்த பிரசவத்துக்கு ஆகும். அக்கம்பக்கத்தில் பிறக்கும் குழந்தைக்கும் கொடுக்கலாம். கொடுக்கும்போது, அந்தத் துணி யார் கட்டியது, எதற்குக் கட்டியது, எங்கே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.