சின்னக் காருக்குப் பெரிய சக்கரம்!
மாட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள்

ஓடுகிற கார் தரையைத் தொடும் இடம் எவ்வளவு தெரியுமா?

நான்கு உள்ளங்கை அளவு. அவ்வளவுதான்!

ஒரு டயருக்கு ஓர் உள்ளங்கை. காருக்குள்ளே அப்பா, அம்மா, பாட்டி, குழந்தைகள். பின்னால் பெட்டி படுக்கை. எல்லாம் சேர்ந்து ஒரு டன்னுக்கு மேல் எடை. அவ்வளவு எடையையும் அந்த நான்கு உள்ளங்கைகள்தான் தாங்குகின்றன. திரும்பும்போது காரைப் பிடித்துக்கொள்வதும் அவைதான். பிரேக் போட்டால் காரை நிறுத்துவதும் அவைதான்.

இப்போது இளைஞர்களுக்கு ஓர் ஆசை. சின்னக் கார் வாங்கியதும், அதன் சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பெரிய சக்கரமும் அகல டயரும் மாட்ட வேண்டும் என்கிறார்கள். கார் எடுப்பாகத் தெரியும். வளைவில் நன்றாகப் பிடித்து ஓடும். ஆசையில் தவறு இல்லை. ஆனால் இது சட்டை மாற்றுவது போன்ற காரியம் அல்ல. உயிரோடு சேர்ந்த காரியம்!

10 அங்குலச் சக்கரம்

சின்னச் சக்கரம் என்றால் மட்டமானது என்று நினைக்க வேண்டாம். உலகப் புகழ் பெற்ற ஒரு சின்னக் காரின் கதையைக் கேளுங்கள்.

1956-ல் சூயஸ் கால்வாய்த் தகராறு வந்தது. இங்கிலாந்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. குறைந்த பெட்ரோலில் ஓடும் சிறிய கார் வேண்டும் என்று பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் விரும்பியது. அந்த வேலையை அலெக் இசிகோனிஸ் என்ற எஞ்சினீயரிடம் ஒப்படைத்தது.

காரின் நீளம் 10 அடி. அதற்குள் நான்கு பேர் வசதியாக உட்கார வேண்டும். என்ன செய்வது? இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். இன்னும் இடம் வேண்டியிருந்தது. சக்கரம் பெரிதாக இருந்தால் அதை மூடும் வளைவு காருக்குள் புடைத்துக்கொண்டு வரும். உட்காரும் இடத்தைத் தின்னும். ஆகவே சக்கரத்தையே குறுக்கிவிட்டார். 10 அங்குலம்தான்! அவ்வளவு சின்னக் காருக்கு ஏற்ற டயரை டன்லப் கம்பெனி தனியாகச் செய்து கொடுத்தது.

1959 ஆகஸ்டு மாதம் கார் வெளிவந்தது. அதுதான் 'மினி'.

பந்தயக் கார் கட்டுவதில் பெயர் பெற்ற ஜான் கூப்பர் இந்தக் காரைப் பார்த்தார். இதற்குள் ஒரு பந்தயக் குதிரை இருக்கிறது என்று கண்டுகொண்டார். 1961-ல் 'மினி கூப்பர்' பிறந்தது. எஞ்சினைப் பெரிதாக்கினார்கள். அத்தோடு விட்டார்களா? இல்லை. முன் சக்கரங்களுக்குத் தட்டு பிரேக் வைத்தார்கள். வேகத்தைக் கூட்டியபோதே, நிறுத்தும் சக்தியையும் கூட்டினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் மான்டிகார்லோ என்ற பெரிய பந்தயம் உண்டு. மலைப்பாதை, பனி, கொண்டை ஊசி வளைவுகள். 1964-ல் பேடி ஹாப்கர்க், 1965-ல் டிமோ மாக்கினன், 1967-ல் ராவ்னோ ஆல்டோனன் என்று மூன்று முறை மினி வென்றது. 1966-லும் முதல் மூன்று இடங்களில் மினிதான் வந்தது. ஆனால் முன் விளக்கு விதிப்படி இல்லை என்று சொல்லி விலக்கிவிட்டார்கள்!

பெரிய பெரிய கார்களை வென்ற அந்த மினியின் சக்கரம் 10 அங்குலம்தான்.

ஏன் பெரிதாக்கினார்கள்?

பிறகு 1984-ல் மினிக்கு 12 அங்குலச் சக்கரம் வந்தது. வெறும் அழகுக்காகவா? இல்லை. பிரேக் சக்கரத்துக்குள்ளேதான் இருக்கிறது. சக்கரம் பெரிதானதால், உள்ளே 8.4 அங்குலப் பிரேக் தட்டு வைக்க இடம் கிடைத்தது. 1990-களின் பிற்பகுதியில் 13 அங்குலச் சக்கரமும் கிடைத்தது. டயர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்காதபடி, காரின் சக்கர வளைவுகளையும் அகலப்படுத்தினார்கள். 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் ஓடிய பிறகு, 2000-ல் அந்தப் பழைய மினியின் உற்பத்தி நின்றது.

காரைச் செய்தவர்களே சக்கரத்தை மாற்றும்போது பிரேக்கையும் பார்த்தார்கள், வளைவையும் பார்த்தார்கள். நாம் மாற்றும்போது டயரின் பளபளப்பை மட்டும் பார்க்கலாமா?

டயரில் எழுதியிருப்பது என்ன?

டயரின் பக்கவாட்டில் சில எண்கள் இருக்கும். படிக்கத் தெரிந்தவர் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் மாருதி ஸ்விஃப்ட் காரை எடுத்துக்கொள்வோம். விலை குறைந்த ரகத்துக்கு 165/80 ஆர் 14 என்ற டயர்.

165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது ரப்பர் சுவரின் உயரம்; அகலத்தில் நூற்றுக்கு 80 பங்கு. அதாவது 132 மில்லிமீட்டர். 14 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். ஆகவே ரிம் 355.6 மில்லிமீட்டர்.

மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவே ரிம். மூன்றையும் கூட்டுங்கள். 619.6 மில்லிமீட்டர் வரும்.

அதே காரின் விலை கூடிய ரகத்துக்கு 185/65 ஆர் 15. இதையும் கூட்டிப் பாருங்கள். 621.5 மில்லிமீட்டர் வரும். வித்தியாசம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை!

இதுதான் ரகசியம். ரிம் வளர்ந்தால் ரப்பர் சுவர் குறைய வேண்டும். மொத்த உயரம் மாறக் கூடாது.

இந்தக் கணக்குத் தெரியாமல் ஒருவர் 195/65 ஆர் 16 மாட்டுகிறார் என்று வையுங்கள். மொத்தம் 660 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உரசலாம். 14 அங்குல டயரோடு ஓடிய கார் என்றால், மீட்டர் முள் முன்பு 100 காட்டிய இடத்தில் இப்போதும் 100 காட்டும். ஆனால் கார் 6 கிலோமீட்டர் கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது!

லாபமும் நஷ்டமும்

சரியான அளவில் மாற்றினால் லாபம் உண்டு. ரப்பர் சுவர் குட்டையாக இருந்தால் வளைவில் அதிகம் நெளியாது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் உடனே சொன்னபடி கேட்கும்.

நஷ்டமும் உண்டு. ரப்பர் சுவர்தான் டயரின் மெத்தை. மெத்தை மெலிந்தால் பள்ளத்தின் அடி நேராக ரிம்மில் விழும். ரிம் வளையும், விரிசல் விடும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு இடுப்பு வலிக்கும்.

மழைக் காலத்தில் இன்னொரு ஆபத்து. சாலையில் தண்ணீர் நிற்கும்போது, வேகமாகப் போனால் அகல டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கிவிடும். மிதக்கும் டயருக்கு ஸ்டியரிங்கும் இல்லை; பிரேக்கும் இல்லை.

எடையையும் பாருங்கள். அலாய் ரிம் எல்லாம் லேசானது என்று சொல்ல முடியாது. பெரிய அலாய் ரிம், பழைய சின்ன இரும்பு ரிம்மைவிடக் கனமாகவும் இருக்கலாம். கனமான சக்கரத்தைச் சுழற்ற எஞ்சினுக்குச் சிரமம். நிறுத்தப் பிரேக்குக்குச் சிரமம். கடையில் தராசு கேட்டு நிறுத்துப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

போல்ட்டுத் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் அப்படியே பொருந்துகின்றனவா? நடுத்துளை காரின் அச்சில் ஆடாமல் உட்காருகிறதா? ஆஃப்செட் என்ன? சக்கரம் உள்ளே தள்ளி நிற்குமா, வெளியே நீட்டி நிற்குமா என்பதைச் சொல்லும் எண் அது. வெளியே நீட்டினால் பேரிங்குக்குக் கேடு.

அளவுக்குப் பக்கத்தில் இன்னோர் எண் இருக்கும். அது டயர் சுமக்கும் பாரம். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 88 என்றால் 560 கிலோ. உங்கள் காருக்குக் குறித்துள்ள எண்ணுக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள்.

டயர் பிறந்த தேதியும் அதிலேயே இருக்கிறது. '2323' என்று நான்கு எண்கள் இருந்தால், 2023-ம் ஆண்டு 23-வது வாரம் செய்தது என்று பொருள். 'கைமாறிய ரிம், டயரோடு சேர்த்து மலிவாகத் தருகிறோம்' என்று யாராவது சொன்னால், முதலில் இந்தத் தேதியைப் பாருங்கள். மேலே பளபளப்பு, உள்ளே கிழட்டு ரப்பர் என்று இருக்கலாம்!

சட்டத்தையும் மறக்கக் கூடாது. காரைச் செய்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. அளவு மீறிய சக்கரத்தோடு விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி தகராறு செய்ய நாமே இடம் கொடுத்ததாக ஆகும். உங்கள் கார் மாடலுக்குக் கம்பெனியே அனுமதித்த அளவுகள் எவை என்று கையேட்டில் பாருங்கள். அவற்றில் ஒன்றை மாட்டினால் வீண் வம்பு இல்லை.

மாட்டிய பிறகு

வீல் அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, உரசுகிறதா என்று பாருங்கள். சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முடுக்கச் சொல்லுங்கள். டயர் சூடாவதற்கு முன், காலையிலேயே காற்றை அளந்து பாருங்கள். ஸ்டெப்னிக்கும் காற்று இருக்கட்டும்.

டயரின் பள்ளக்கோடுகளுக்கு நடுவே சிறு சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. அதற்குமேல் ஒரு நாளும் ஓட்டக் கூடாது.

கையில் பணம் குறைவாக இருக்கிறதா? ரிம்மா, டயரா என்ற குழப்பமா? குழப்பமே வேண்டாம். பழைய ரிம்மிலேயே, சரியான அளவில் நான்கு நல்ல புது டயர்களைப் போடுங்கள். அதைவிடச் சிறந்த மாற்றம் எந்தக் காருக்கும் இல்லை.

குறுக்கே ஒரு குழந்தை ஓடி வரும்போது, பளபளக்கும் ரிம் காரை நிறுத்தாது. ரப்பர்தான் நிறுத்தும்!