மடிக்கணினி உறங்க மறுப்பது ஏன்?

கோலா கிளாவாங் வட்டாரத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு வரும் மாணவர், விடுமுறை முடிந்ததும் புக்கிட் தாங்கா மலைச்சாலையின் வளைவுகளைக் கடந்து சிரம்பானுக்கு வருகிறார். அங்கிருந்து கொம்யூட்டர் இரயில் ஏறுகிறார். முதுகுப் பையில் மடிக்கணினி; அதற்குள் பாதி எழுதிய ஆய்வேடு. கணினி உண்மையிலேயே உறங்கிவிட்டதா என்பது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால், உறங்காத கணினி காற்றோட்டமில்லாத பைக்குள் சூடேறும், மின்கலம் தீர்ந்துபோகும், சேமிக்காத பக்கங்கள் திரும்பி வாரா.

வீட்டிலும் இதே கவலை உண்டு. தித்திவாங்சா மலைத்தொடரின் மழை மறைவில் அமைந்த ஜெலுபு, தீபகற்பத்தில் மழை குறைந்த பகுதிகளுள் ஒன்று எனப் புவியியல் பாடத்தில் படித்திருப்போம். எனினும், பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களின் மாலை இடிமின்னலுக்கு அது விலக்கன்று. வானம் கறுத்தவுடன் மின்கம்பிகளைப் பிடுங்கி வைப்பது நம் வீடுகளில் பழகிப்போன ஒன்று. மின்கலம் பழுதான பழைய மடிக்கணினியில் வேலை செய்பவர், அந்த நேரத்தில் என்ன செய்வார்?

இங்குதான் இருவகைத் துயிலையும் பிரித்தறிய வேண்டும். ‘ஸ்லீப்’ எனும் சிறுதுயிலில், திறந்திருக்கும் கோப்புகள் ரேம் நினைவகத்திலேயே இருக்கும். அதனைக் காக்க மின்சாரம் சிறிதளவேனும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நின்றால் எல்லாம் அழியும். ‘ஹைபர்னேட்’ எனும் நெடுந்துயிலில், நினைவகத்தில் உள்ளவை அனைத்தும் வன்தட்டில் ஒரு கோப்பாக எழுதப்பட்ட பின் கணினி அணைந்துவிடும். மின்கலத்தையே கழற்றினாலும், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

விண்டோஸ் 2000 முதல் இவ்வசதி இயங்குதளத்திலேயே அமைந்துள்ளது. எனினும், அது எப்போதும் சொன்னபடி கேட்டதில்லை. 1 ஜிபி அல்லது அதற்கு மேல் ரேம் கொண்ட விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள், ‘போதிய வளம் இல்லை’ என்னும் பொருளில் ஓர் அறிவிப்பைக் காட்டி நெடுந்துயிலுக்கு மறுத்தது முன்னாள் மாணவர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். தேவையான நினைவகம் தொடர்ச்சியாகக் கிடைக்காததே காரணம். மைக்ரோசாஃப்ட் தனித் திருத்தம் வெளியிட்டு அதனைச் சரிசெய்தது.

இன்றைய விண்டோஸ் கணினிகளில் காரணங்களைக் கீழ்க்காணும் வரிசையில் தேடலாம்.

முதலாவதாக, வசதி மறைந்திருக்கிறதா எனப் பாருங்கள். விண்டோஸ் 8 முதல் பல கணினிகளின் அணைப்புப் பட்டியலில் ‘ஹைபர்னேட்’ தென்படுவதில்லை. கண்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ பகுதிக்குச் சென்று, மின்பொத்தானின் செயலைத் தீர்மானிக்கும் பக்கத்தில் அதனைத் தெரிவு செய்யலாம்.

இரண்டாவதாக, கணினியையே கேளுங்கள். ‘கமாண்ட் பிராம்ப்ட்’ சாளரத்தை நிர்வாகி உரிமையுடன் திறந்து, ‘பவர்’ என்னும் ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளைச் சேர்த்தெழுதி, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்கோடும் ‘ஏ’ எழுத்தும் இடுங்கள். எவ்வகைத் துயில் இயலும், எது இயலாது, ஏன் இயலாது என அதுவே பட்டியலிடும். நோயறியாமல் மருந்து தேடுவதைவிட இது மேல்.

மூன்றாவதாக, இடப்பற்றாக்குறை. துயில் கோப்பு பல ஜிபி இடத்தைப் பிடிக்கும். சேமிப்பகம் சிறிதாக உள்ள மலிவுக் கணினிகளில், இடம் மீட்பதற்காக யாரேனும் இவ்வசதியையே முடக்கியிருக்கலாம். தேவையற்ற கோப்புகளை நீக்கிவிட்டு, அதே கட்டளையில் ‘ஏ’ எழுத்துக்குப் பதிலாக ‘எச்’ எழுத்தையும், இடைவெளி விட்டு ‘ஆன்’ என்னும் சொல்லையும் ஆங்கிலத்தில் இட்டால் அது மீளும்.

நான்காவதாக, இயக்கிகள். கணினியைத் துடைத்து விண்டோஸை மீண்டும் நிறுவிய பின் சிக்கல் தொடங்கியிருந்தால், திரைக்குரிய இயக்கி மென்பொருள் விடுபட்டிருக்கக் கூடும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உரிய பதிப்பைப் பெற்று நிறுவுக.

ஐந்தாவதாக, உறங்கிய கணினி தானே விழிக்கிறதா? சுட்டி, வலைத்தொடர்பு, குறித்த நேரத்தில் புதுப்பிக்கும் ஏற்பாடு ஆகியவை அதனை எழுப்பலாம். முன்சாய்கோட்டுக்குப் பின் ‘லாஸ்ட்வேக்’ என ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இட்டால், கடைசியாக எழுப்பியது எதுவெனத் தெரிய வாய்ப்புண்டு.

எல்லாம் சரியான பிறகு, முக்கியமான கோப்பு எதனையும் திறக்காமல் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். திரை இருண்டதும் பிடுங்கிவிடக் கூடாது. எழுதும் வேலை அதன் பிறகும் நடக்கலாம். விளக்கு அணைந்து, விசிறி நின்ற பின்னரே மின்கம்பியை எடுங்கள். சுழலும் வன்தட்டு உள்ள பழைய கணினியானால் அதுவரை அசைக்கவும் வேண்டாம். இடி நெருங்கும் வரை காத்திராமல், மோடத்தின் இணைப்புகளையும் முன்கூட்டியே கழற்றி விடுங்கள்.

இறுதியாக ஒன்று. நெடுந்துயில் என்பது சேமிப்பு அன்று. துயில் கோப்பு பழுதானால், சேமிக்காத பக்கங்களும் அதனோடு போய்விடும். ஆகவே, உறங்க வைப்பதற்கு முன் கோப்பைச் சேமியுங்கள். ஆய்வேட்டின் நகலொன்றை விரலியிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு உழைப்பை ஒரே பெட்டிக்குள் பூட்டி வைக்க வேண்டாம்.