காரைக்குடிக்கு எத்தனை எழுத்து?

காரைக்குடி என்னும் ஊர்ப்பெயரில் ஐந்து எழுத்துகள் இருப்பதைத் தொடக்கப்பள்ளி மாணவரும் எண்ணிச் சொல்லிவிடுவர். ஆனால் அப்பெயரை மேற்கோள் குறிகளுக்குள் இட்டு அதன் நீளம் என்ன என்று கேட்டால், பைத்தான் என்னும் நிரல்மொழியின் 2ஆம் பதிப்பு 30 என்றும், 3ஆம் பதிப்பு 10 என்றும் விடை தரும். யுனிகோடு முறையில் 'கா' என்பது ககரமும் காலுமாக இரண்டு குறிகளாகவே பதிவாவதால், ஐந்து எழுத்துகள் பத்துக் குறிகளாகின்றன. இணையத்தில் பெருவழக்காக உள்ள யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள், அதாவது சேமிப்பின் சிற்றலகுகள், தேவைப்படுவதால் பத்து முப்பதாகிறது. பழைய பைத்தான் பைட்டுகளை எண்ணியது. புதியது குறிகளை எண்ணுகிறது. முதல் எழுத்தை மட்டும் கேட்டால் பழையதில் படிக்க இயலாத ஏதோ ஒரு சிதைவு வரும். புதியதில் கால் இழந்த 'க' ஆவது வரும்.

இம்மாற்றம் தமிழுக்கு நன்மையே. எனினும் பழைய விடையை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் பல புதிய பதிப்பில் இயங்காமற்போயின. முன்பு எழுதிய நிரல் புதிய பதிப்பிலும் மாற்றமின்றி இயங்குவதைப் பின்னிணக்கம் என்பர். மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் திறமூல மென்பொருளில் இதைக் காப்பது பெருஞ்சிக்கல். அதனைப் பயன்படுத்துவோர் யார், எங்கிருக்கிறார்கள் என்பது ஆக்கியோருக்கே பெரும்பாலும் தெரியாது. செட்டிநாட்டு வீட்டில் ஒரு புள்ளி, அதாவது மணமான ஒரு தம்பதி, தம் அறைக்குள் செய்யும் மாற்றம் பிறரைத் தொடுவதில்லை. பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான வளவில், அதாவது உள்முற்றப் பகுதியில், ஒரு தூணை அசைப்பதென்றாலோ அனைவரிடமும் சொல்லியாக வேண்டும். மென்பொருளிலும் உள்வேலை வேறு, பிறர் நிரல்கள் பற்றி நிற்கும் பொதுப்பகுதி வேறு.

அவ்வாறு சொல்லும் வழிகளுள் ஒன்றே பதிப்பெண். டாம் பிரஸ்டன்-வெர்னர் வகுத்தளித்த முறையில் எண் மூன்று பகுதிகளாக அமையும்: பிழை நீக்கினால் கடைசி எண்ணும், பழையதைக் கெடுக்காமல் புதியது சேர்த்தால் நடு எண்ணும், பழைய நிரல்களை முறிக்கும் மாற்றம் செய்தால் முதல் எண்ணும் உயரும். பைத்தான் இம்முறையை அப்படியே பின்பற்றுவதில்லை என்றாலும், 2008 டிசம்பரில் 3.0 வெளிவந்தபோது முதல் எண் உயர்ந்ததன் பொருள் அதுவே.

எண்ணை உயர்த்தி அறிவித்துவிட்டால் எல்லோரும் உடன் வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தது நடக்கவில்லை. 2.7 பதிப்புக்கான ஆதரவு 2015இல் முடியும் என்றிருந்தது, 2020 வரை நீட்டிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் சுமை நிரலகங்களின் மேல் விழுந்தது. நிரலகம் என்பது பிற நிரல்கள் எடுத்தாளும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு. 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலையும் தன்னார்வலர்களும் வளர்த்த 'ஓப்பன்-தமிழ்' அத்தகையது. காரைக்குடியை கா, ரை, க், கு, டி எனப் பிரித்து ஐந்து என்னும் சரியான விடையைத் தருவது அதுதான். தமிழ் எழுத்தைப் பிரிப்பதே போதிய வேலையாயிருக்க, அது இரண்டு பைத்தான்களிலும் இயங்கவும் வேண்டியிருந்தது. ஊதியமின்றி உழைப்போர் மேல் விழுந்த இச்சுமையைப் பதிப்பு வரலாறுகள் போதிய அளவு பேசுவதில்லை.

ஒரு சிறு எழுத்தின் கதை இங்கே கருதத்தக்கது. பழைய பைத்தானில் மேற்கோளுக்கு முன் ஆங்கில 'யூ' இட்டால் அது யுனிகோடு உரை என்று பொருள்; தமிழில் நிரல் எழுதியோர் அதைப் பக்கந்தோறும் இட்டிருந்தனர். 3.0இல் எல்லா உரையும் யுனிகோடே ஆனதால் 'யூ' தேவையற்றதென நீக்கப்பட்டது. தருக்கப்படி அது சரியே. ஆயினும் அந்த ஓர் எழுத்தினாலேயே ஒரே நிரலை இரு பதிப்புகளிலும் இயக்குவது கடினமாயிற்று. 2012இல் வந்த 3.3இல் அது மீண்டும் சேர்க்கப்பட்டது. பைட்டுகளை எண்ணும் பழைய பிழையைத் துணிந்து முறித்ததும், எவருக்கும் தீங்கு செய்யாத ஓர் எழுத்தைத் திரும்ப ஏற்றதும் ஆகிய இரண்டுமே நல்ல முடிவுகள். பின்னது நான்கு ஆண்டுகள் முன்னதாகவே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பைத்தான் 2இன் கடைசி வெளியீடான 2.7.18, 2020 ஏப்ரலில் வந்து அத்துடன் அவ்வரிசை முடிந்தது. 'யூ' மட்டும், புதிதாக எந்தப் பொருளும் தராமல், இன்றைய பைத்தான் 3இலும் பிழையின்றி ஏற்கப்படுகிறது.