ரயில் பாதைக்கு ஆள் திரட்டிய தம்புசாமிப் பிள்ளை

மதுரை மாநகருக்கு முதல் ரயில் வந்தது 1875-ம் ஆண்டில். அதே ஆண்டில்தான் சிங்கப்பூரிலிருந்து ஒரு தமிழ் இளைஞர் மலாய் நாட்டுக்குப் புறப்பட்டார். வயது 25. பெயர் தம்புசாமிப் பிள்ளை.

குமாஸ்தா வேலை

தம்புசாமி பிறந்தது 1850-ல், சிங்கப்பூரில். ராபிள்ஸ் கல்விக்கூடத்தில் படித்தார். டேவிட்சன் என்ற வெள்ளைக்கார வக்கீலிடம் குமாஸ்தாவானார். டேவிட்சன் சிலாங்கூர் ராஜ்யத்தின் பிரிட்டிஷ் ரெசிடெண்டானதும், தம் குமாஸ்தாவையும் உடன் அழைத்துச் சென்றார். கஜானாவில் தலைமைக் குமாஸ்தாவாக உயர்ந்த தம்புசாமி, சில சமயம் பொக்கிஷ அதிகாரியின் பொறுப்பையும் வகித்தார்.

இரும்புப் பாதை

கோலாலம்பூரைச் சுற்றி ஈயச் சுரங்கங்கள். வெட்டிய ஈயம் ஆற்றுப் படகில் மெதுவாகத் துறைமுகம் சேர்ந்தது. ரயில் வந்தால்தான் நாடு செழிக்கும் என்று சர்க்கார் கருதியது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் முதல் ரயில் ஓடியது 1886-ல்.

காட்டை வெட்ட, சதுப்பை நிரப்ப ஆள் வேண்டுமே! ரயில் வேலைக்குக் கூலியாட்களைத் திரட்டிவர நம் நாட்டுக்கு அனுப்பப்பட்டவர் தம்புசாமிதான்.

நம்மவர் பிழைப்புத் தேடிக் கப்பலேறினர். அக்காலத்தில் மலாயா சென்ற ஒப்பந்தக் கூலிகளின் பயணச் செலவு அவர்கள் தலையிலேயே கடனாக ஏறியது. கூலியில் பிடித்தம் செய்யப்பட்டது. காட்டுக் காய்ச்சல் பலரைக் கொண்டுபோயிற்று. இந்த ஒப்பந்த முறை 1910-ல்தான் ஒழிந்தது.

செல்வமும் தொண்டும்

உத்தியோகத்தை விட்டதும் தம்புசாமி, சீனச் செல்வர் லோக் இயூவுடன் சேர்ந்து ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தினார். சுரங்கத்து நீரை இறைக்க மின்சாரப் பம்பு வைத்தார். மலாய் நாட்டில் அது புதுமை!

பொது வாழ்விலும் முன்நின்றார். நகர நிர்வாகத்தைக் கவனித்த சுகாதார வாரியத்தில் இடம்பெற்றார். 1893-ல் தோன்றிய விக்டோரியா கல்விக்கூடத்தின் தர்மகர்த்தாக்களில் ஒருவரானார். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயில் அவர் குடும்பக் கோயிலாகத் தொடங்கியதே.

குகையில் குமரன்

திருநகர்வாசிகளுக்குக் குன்றமும் குமரனும் அண்டை வீடு. திருப்பரங்குன்றத்தில் மலையைக் குடைந்து கோயில் கண்டனர் முன்னோர். கடல் கடந்த தம்புசாமியோ பத்துமலையின் இயற்கைக் குகையில் முருகனுக்கு இடம் கண்டார். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்கிறது. 2006-ல் எழுந்த 140 அடி முருகன் சிலையைக் காண இன்று உலகமே வருகிறது.

தம்புசாமி 1902-ல் மறைந்தார். கோலாலம்பூரில் ஒரு வீதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால், அவர் அழைத்துச் சென்ற தொழிலாளர் பெயரைச் சொல்ல வீதி ஏது? கோயிலும் ரயிலும் ஒருவர் முயற்சியால் மட்டும் எழுந்தவையல்ல. பத்துமலைப் படியேறும் நம்மவர், அந்தப் பெயரற்ற உழைப்பாளிகளுக்காகவும் ஒரு கற்பூரம் ஏற்றலாமே!