பாவாயி, பழனியம்மாள், மாரியம்மாள்... பாட்டி பெயருக்குப் பதிலா பாப்பாவுக்கு என்ன பெயர் வைக்கலாம்? பிறப்புச் சான்றிதழில் எழுதும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

பெண் குழந்தை பிறந்தாச்சு. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கும் வந்தாச்சு. பார்க்க வருபவர்கள் எல்லாரும் கேட்கும் ஒரே கேள்வி: "பாப்பாவுக்கு என்ன பேருங்க வச்சிருக்கீங்க?"

சங்ககிரி, திருச்செங்கோடு, எடப்பாடி, குமாரபாளையம் பக்கம் ஒரு காலத்தில் இதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. அப்பத்தா பெயர், இல்லையென்றால் அம்மாயி பெயர், அதுவும் இல்லையென்றால் குலதெய்வத்தின் பெயர். இன்று அப்படி இல்லை. அப்பத்தா, "எம்பேரு தானே வைக்கோணும்" என்கிறார். குழந்தையின் அம்மா, "பழனியம்மாள்னு வச்சா ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்களே" என்கிறார். அப்பாவோ ஜோசியர் எழுதிக் கொடுத்த எழுத்தை மொபைலில் தட்டி, இருநூறு பெயர்ப் பட்டியலை ஸ்க்ரோல் செய்துகொண்டிருக்கிறார்.

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அப்போ என்னதான் பண்றது?

பேத்தி என்றாலே பெயர்தான்

அப்பத்தா கேட்பது வெறும் பிடிவாதம் இல்லை. 'பேரன்', 'பேத்தி' என்ற சொற்களே பெயரன், பெயர்த்தி என்பதில் இருந்து வந்தவை. அதாவது, தாத்தா பாட்டியின் பெயரைத் தாங்குபவர்கள். உறவுச் சொல்லுக்குள்ளேயே பெயர் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் சொத்து, நிலப் பத்திரம் எதிலும் பெயர் இல்லாமல் வாழ்ந்து முடித்த ஒரு தலைமுறைப் பெண்களுக்கு, பேத்தியின் பெயர் ஒன்றுதான் மிஞ்சும் அடையாளம். அதனால் "பழைய பேரு, வேண்டாம்" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவதற்கு முன், அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் பார்க்கலாம்.

சேலம், நாமக்கல் பக்கத்துப் பழைய பெண் பெயர்களில் நிறைய, இரண்டு துண்டுகள் சேர்ந்தவை. முன்னால் ஒரு சொல், பின்னால் 'ஆயி' அல்லது 'அம்மாள்'. ஆயி என்றாலும் அம்மா என்றாலும் தாய்தான். அம்மாவின் ஆயி என்பதால்தான் அவர் 'அம்மாயி'. பொன்னாயி, முத்தாயி, பூவாயி, செல்லாயி, ராமாயி, கருப்பாயி, பாவாயி எல்லாமே இந்த அச்சில் வார்த்தவை.

இப்போது பின்னால் உள்ள துண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். பொன்னாயியில் 'பொன்' மிஞ்சும். அதிலிருந்து பொன்னி வரும். அது காவிரியின் இன்னொரு பெயர், மேட்டூரில் இருந்து பவானி வரை நம் பக்கத்தில் ஓடுகிற ஆறு. முத்தாயியில் இருந்து முத்துநகை வரும். முத்துக்கு இலக்கியத்தில் உள்ள 'நித்திலம்' என்ற சொல்லை எடுத்தால் நித்திலா. பூவாயியில் இருந்து மலர், பூவிழி, பூங்குழலி. கண்ணம்மாளில் இருந்து கண்மணி. பாட்டி பெயரும் போகவில்லை. பள்ளிக்கூட அட்டெண்டன்ஸில் கூச்சமும் இல்லை.

பாவாயி கொஞ்சம் தனி. அதில் ஒலிப்பது 'பாவை'. பாவை என்றால் பொம்மை, கண்ணின் கருமணி, பெண் என்று பல பொருள். மார்கழியில் பாடும் திருப்பாவை, திருவெம்பாவை இரண்டிலும் அதே சொல்தான். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் 'கொல்லிப்பாவை' சங்கப் பாடல்களிலேயே வருகிறாள். பேத்திக்குப் 'பாவை' என்று வைத்தால், அப்பத்தா பெயரைச் சுருக்கியது மாதிரியும் இருக்கும், இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சொல்லை வைத்தது மாதிரியும் இருக்கும். இதைவிடச் சுலபமான சமாதானம் கிடைக்காது என்பது நம் கருத்து.

மாரியம்மாள் என்ற பெயரிலும் இதே வழி உண்டு. மாரி என்றால் மழை. மானாவாரி நிலம் வைத்திருந்த ஊர்களில் மழையைத் தெய்வமாகக் கும்பிட்டதில் ஆச்சரியம் இல்லை. முகிலா, கார்குழலி போன்ற பெயர்கள் அந்த மழை மேகத்தையே சொல்கின்றன.

சாமி பெயர்தான் வேணும்னா?

குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்ட வீடுகளில் பேச்சே வேறு. "சாமிக்குச் சொன்னதை மாத்தக் கூடாது." இதற்குக் கோயில்களே ஒரு வழி காட்டுகின்றன. தமிழ்நாட்டின் பல அம்மன்களுக்கு வடமொழியில் ஒரு பெயர், தமிழில் ஒரு பெயர் என்று இரண்டு உண்டு. மதுரை மீனாட்சிக்கு அங்கயற்கண்ணி என்று பெயர். அழகிய கயல் மீன் போன்ற கண்ணை உடையவள். இன்று 'கயல்', 'கயல்விழி' என்று பெயர் வைக்கும் பலர், தெரிந்தோ தெரியாமலோ மீனாட்சி என்றே வைக்கிறார்கள். வேதாரண்யம் கோயில் அம்மனுக்கு 'யாழைப் பழித்த மொழியாள்' என்று பெயர். யாழைவிட இனிய குரல் உடையவள் என்று அர்த்தம். இப்போது அடிக்கடி காதில் விழும் 'யாழினி'யை அந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம்.

நம் பக்கத்துக்கு வந்தால், திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் கோயில் அம்மன் பாகம்பிரியாள். ஆண் பிள்ளைக்கு அர்த்தநாரி, செங்கோடன் என்று வைத்தவர்கள் பெண் பிள்ளைக்குத் தேடிய பெயர் இது. நாமக்கல்லில் நாமகிரித் தாயார். கணித மேதை ராமானுஜன் குடும்பத்தின் தெய்வம் இந்தத் தாயார்தான் என்பதால், 'நாமகிரி' என்ற பெயர் கணித வரலாற்றுப் புத்தகங்களில் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. இன்று ஒரு குழந்தைக்கு அப்படியே நாமகிரி என்று வைத்தால் வகுப்பில் இன்னொரு நாமகிரி இருக்க வாய்ப்பு குறைவு. மாற்றுப் பெயர் தேடுபவர்கள் பல நேரம் கேட்பது "யாருக்கும் இல்லாத பேரு". அது பழைய பெயர்களிலேயே கிடக்கிறது.

வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தால்?

இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்தவர் மறைமலை அடிகள். 1916-ல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியவர், வேதாசலம் என்ற தன் பெயரை மறைமலை என்று மாற்றினார். தன் பிள்ளைகள் பெயரையும் விடவில்லை. மகள் திரிபுரசுந்தரி, முந்நகரழகி ஆனார். திரிபுரம் என்றால் மூன்று நகரம், சுந்தரி என்றால் அழகி. அர்த்தம் துல்லியம்தான். ஆனால் வாசலில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள்! அந்த இயக்கம் பின்னாளில் திராவிட இயக்க மேடைகள் வழியாக வீட்டுக்கு வீடு வந்தபோது, கனிமொழி, தமிழரசி, பூங்கோதை என்று கூப்பிட எளிதான பெயர்கள்தான் நிலைத்தன. பொருளை எடுத்துக்கொண்டு ஒலியைப் புதிதாகக் கட்டியவை அவை.

அர்த்தம் பார்க்காமல் வைத்தால் வேறு சிக்கல். அலமேலு என்பது அலர்மேல் மங்கை, அதாவது தாமரை மலர் மேல் இருப்பவள் என்பதன் சுருக்கம். அதை நவீனமாக்கி 'அலர்' என்று வைக்க நினைத்தால், மலர்ந்த பூ என்ற அழகான பொருள் உண்டு. ஆனால் சங்க இலக்கியத்தில் அலர் என்றால் ஊரார் பேசும் வம்பும்தான். 'அனாமிகா' கேட்க ஸ்டைலாக இருக்கும். வடமொழியில் அதன் பொருள் 'பெயர் இல்லாதவள்'. வைப்பது உங்கள் விருப்பம், தெரிந்து வையுங்கள் என்பதுதான் விஷயம். பெயர்ப் பட்டியல் இணையதளங்களில் பாதிப் பெயர்களுக்கு 'தேவதை', 'வெற்றி' என்று கைக்கு வந்த பொருளைப் போட்டிருப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஒருமுறை தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

ஒரு பெயரை ஒரு சினிமாவே கெடுத்த கதையும் இங்கே உண்டு. அங்கவை, சங்கவை என்பவை பறம்பு மலை பாரி வள்ளலின் மகள்களுடையதாக வழங்கிவரும் பெயர்கள். 2007-ல் வந்த 'சிவாஜி' படத்தில் இரண்டு பெண்களுக்கு இந்தப் பெயர்களை வைத்து, அவர்கள் நிறத்தைச் சொல்லிக் காமெடி செய்தார்கள். தமிழ் ஆர்வலர்கள் கண்டித்தார்கள். ஆனாலும் அந்தப் பெயர்களைச் சொன்னால் இன்றும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காமெடிதான். கிண்டல் பெயரில் இல்லை, கிண்டல் செய்பவரிடம் இருக்கிறது. ஆனாலும் அதைத் தினமும் வகுப்பில் கேட்கப் போவது குழந்தை என்பதால், அம்மா கவலைப்படுவதைத் தப்பு என்று சொல்ல முடியாது.

ஜோசியர் கொடுத்த எழுத்து

நட்சத்திர எழுத்தை நம்பும் வீடுகள் கவனிக்க: அந்தப் பட்டியல் தமிழ் எழுத்துக்காகப் போட்டது அல்ல. பூரம் நட்சத்திரத்துக்கு மோ, ட, டி, டு. தமிழில் 'ட'வில் சொல் தொடங்காது. திருவாதிரைக்கு உள்ள எழுத்துகளில் ஒன்று 'ங'. அந்த எழுத்தில் பெயர் வைத்த யாரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இதனால்தான் அர்த்தம் தெரியாத ஏதோ ஒரு ஒலியில் போய் நிற்கிறோம். பல வீடுகளில் தொட்டில் போடும் நாளில் காதில் ஓதுவது ஜாதகப் பெயர், பதிவது வேறு பெயர் என்று பிரித்துக்கொள்கிறார்கள். முரண்டு பிடிக்கும் அப்பத்தாவுக்கும் இதே வழி உதவும். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்று, குழந்தையைக் 'கண்ணு', 'சாமி' என்று கூப்பிட்ட ஊர்தானே இது! ரெண்டு பேரு நமக்குப் புதுசு இல்லை.

'வேண்டாம்' என்றும் ஒரு பெயர் இருந்தது

பழைய பெயர்கள் எல்லாமே காப்பாற்ற வேண்டியவை என்று சொல்லிவிட முடியாது. அடுத்தடுத்து பெண் குழந்தை பிறந்த வீடுகளில் கடைசிப் பெண்ணுக்கு 'வேண்டாம்', 'போதும்பொண்ணு' என்று பெயர் வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை. மகாராஷ்டிராவில் இதற்கு இணையான பெயர் 'நகுசா', வேண்டாதவள் என்று பொருள். 2011 அக்டோபரில் சதாரா மாவட்ட நிர்வாகம் விழா எடுத்து, அந்தப் பெயருடன் இருந்த 285 சிறுமிகளுக்குப் புதுப் பெயர் வைத்தது. பலர் தங்களுக்குப் பிடித்த பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள்.

சேலத்துக்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான். அப்போது பெயர் வைக்கும் நாள் வரை வராமலே போன பெண் குழந்தைகள் உண்டு. இன்று ஒரு பெண் குழந்தையின் பெயருக்காக மூன்று தலைமுறை உட்கார்ந்து சண்டை போடுகிறது என்றால், போடட்டுமே!

சண்டைக்கு ஒரு கெடு உண்டு

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். அப்போது குழந்தைக்குப் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பெயர் இல்லாமலே சான்றிதழ் கிடைக்கும். பிறகு 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் 15 வயது வரை 200 ரூபாய் தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். ஆக, மூணாவது நாளே அவசரப்பட்டு ஒரு பெயரை எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அவசரப்படக் கூடாது என்பதற்கு முக்கியக் காரணம் வேறு. பதிவேட்டில் ஒருமுறை பெயர் ஏறிவிட்டால், எழுத்துப் பிழையைத் திருத்தலாமே தவிர, "இது வேண்டாம், வேற பேரு போடுங்க" என்று கேட்பது எளிதல்ல. பெயர் மாற்றத்துக்கு அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும். 2023 அக்டோபர் 1-ம் தேதி அமலுக்கு வந்த பிறப்பு, இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டப்படி, அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், அரசு வேலை, ஆதார் என எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். உங்கள் வீட்டுப் பாப்பா அந்தத் தலைமுறை.

அதனால் வீட்டில் 'பாவை', பிறப்புச் சான்றிதழில் 'தன்ஷிகா', ஆதாரில் இன்னொரு ஸ்பெல்லிங் என்று போய்விட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான். நியூமராலஜி பார்த்து ஆங்கிலத்தில் ஒரு 'ஏ'வோ 'ஹெச்'சோ கூட்டுவதாக இருந்தால், சான்றிதழில் எழுதும்போதே கூட்டிவிடுங்கள். எல்.கே.ஜி. சேர்க்கும்போது கூட்டாதீர்கள். யாழினி, மகிழினி, கயல்விழி போல 'ழ' வரும் பெயரை ஆங்கிலத்தில் 'இசட் ஹெச்' போட்டு எழுதுவீர்களா, 'எல்' போட்டா என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை ஒற்றை எழுத்தாகப் போட முடியாது, முழுப் பெயராக விரித்துத்தான் எழுத வேண்டும். பாப்பா பெயருடன் அப்பா அல்லது அம்மா பெயரையும் சேர்த்து முழுசாக ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது.

பெயரைச் சேர்க்க, பிறப்பு எந்த அலுவலகத்தில் பதிவானதோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். பிரசவம் ஈரோட்டிலோ சேலத்திலோ நடந்திருந்தால், சங்ககிரியில் குடியிருந்தாலும் பதிவு அந்த ஊரில்தான் இருக்கும். போகும் முன் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றியதும், கையெழுத்துப் போடுவதற்கு முன் திரையில் எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். முடிந்தால் அப்பத்தாவையும் கூட்டிப் போங்கள்.