உங்களுக்குத் தெரியுமா? ஊசி முனையில் ஒரு துளி ரத்தம்!

காம்பார் மருத்துவமனை வார்டில் தாதியாக வேலை செய்யும் உங்கள் அக்காவுக்கு இதில் பாதி தெரிந்திருக்கலாம். மீதியைக் கேட்டால் அவரே அசந்துபோவார்! பிடியுங்கள், ஒவ்வொன்றாக!

விரலில் குத்திவிட்டதா?

நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிப்போய்த் தாதியின் விரலில் குத்துகிறது. நோயாளிக்கு ஹெபடைட்டிஸ் பி. தாதி தடுப்பூசி போடாதவர். தொற்றும் வாய்ப்பு 100க்கு 30 வரை!

அதே ஊசியில் ஹெபடைட்டிஸ் சி இருந்தால்? 100க்கு 3 என்பது பழைய கணக்கு. புதிய ஆய்வுகளில் அது 1000க்கு 2ஆக இறங்கிவிட்டது!

எல்லோரும் நடுங்குகிற எச்.ஐ.வி.? 1000க்கு வெறும் 3!

ரத்தம் கண்ணில் தெறித்துவிட்டதா? எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 10,000க்கு 9!

காயமே இல்லாத தோலில் பட்டதா? சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வேலை முடிந்தது!

உலகம் முழுவதும் ஆண்டுக்கு எத்தனை மருத்துவப் பணியாளர்களுக்கு இப்படிக் கிருமி ஊசி குத்துகிறது? உலக சுகாதார நிறுவனம் 2002இல் போட்ட கணக்கு: 30 லட்சம் பேர்!

கிருமிக்கு ஆயுசு கெட்டி!

ஒரே ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி கிருமிகள் எத்தனை இருக்க முடியும்? 100 கோடி வரை!

மேசையில் சிந்திக் காய்ந்துபோன ரத்தம்தானே என்று தொட்டுவிடாதீர்கள். அதில் ஹெபடைட்டிஸ் பி 7 நாள் உயிரோடு இருக்கும்!

ஹெபடைட்டிஸ் சி அதற்கும் மேலே! ஊசிக்குழாய்க்குள் அது 63 நாள்வரை தாக்குப்பிடித்ததை ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்!

டிங்கி கொசுவால் மட்டும்தான் வரும் என்று நினைத்தீர்களா? ஊசி குத்தி டிங்கி வந்த மருத்துவப் பணியாளர்கள் இருக்கிறார்கள். மலேரியாவும் அப்படி வந்திருக்கிறது!

இந்த வழியில் மனிதருக்குத் தொற்றியதாகப் பதிவான கிருமி வகைகள் சுமார் 60!

வியன்னா, 1847. பிரேதப் பரிசோதனையின்போது மாணவரின் கத்தி பேராசிரியர் கொலெட்ச்காவின் விரலில் கீறியது. சில நாளில் அவர் இறந்தார். அந்தச் சாவுதான் அவருடைய நண்பரான மருத்துவர் செம்மல்வைஸின் கண்ணைத் திறந்தது. மருத்துவர்கள் கைகழுவத் தொடங்கியது அதற்குப் பிறகு!

நேரம் ஓடுகிறது!

குத்திய இடத்தைப் பிதுக்கக் கூடாது! பிளீச் ஊற்றவே கூடாது! ஓடும் தண்ணீர், சோப்பு. இவ்வளவுதான் முதலுதவி!

ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்குக் கடைசிக் கெடு 72 மணி நேரம். முதல் சில மணி நேரத்திலேயே விழுங்கினால் இன்னும் நல்லது!

எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? 28 நாள். ஒரு நாளும் விடக்கூடாது!

பலன் உண்டா? 1997இல் வெளிவந்த ஆய்வைப் பாருங்கள். ஒரே ஒரு மருந்து, ஜிடோவுடின். அது மட்டுமே தொற்றும் வாய்ப்பை 81 விழுக்காடு குறைத்துவிட்டது! இன்று கொடுப்பதோ பல மருந்துகளின் கூட்டு!

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாதவருக்கும் வழி இருக்கிறது. எதிர்ப்பொருள் ஊசி ஒன்று, தடுப்பூசி ஒன்று, 24 மணி நேரத்துக்குள்!

அன்றைக்கே உங்கள் ரத்தத்தையும் எடுத்துச் சோதிப்பார்கள். ஏன் தெரியுமா? குத்துவதற்கு முன் உங்களுக்கு நோய் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி!

“ஐயோ, மேலதிகாரி திட்டுவாரே” என்று மறைக்காதீர்கள். மலேசியாவில் வேலையிடப் பாதுகாப்பு முதலாளியின் சட்டக் கடமை. அது 1994ஆம் ஆண்டின் 514ஆவது சட்டம்!

மூன்று ஊசி, பெரிய கவசம்!

1989க்குப் பிறகு மலேசியாவில் பிறந்தவரா நீங்கள்? ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி அந்த ஆண்டிலேயே நாட்டின் குழந்தைகள் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்துவிட்டது!

அதற்கு முன் பிறந்தவரா? மருத்துவமனையில் துடைக்கிற வேலையானாலும் சரி, அறுவை செய்கிற வேலையானாலும் சரி, 3 ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான பெரியவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் பாதுகாப்பு!

ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்த புளூம்பெர்க்குக்கு 1976இல் நோபல் பரிசு. அவருடைய பிறந்தநாளான ஜூலை 28தான் உலக ஹெபடைட்டிஸ் தினம்!

ஹெபடைட்டிஸ் சிக்கு? இன்றுவரை தடுப்பூசியே கிடையாது! ஆனால் மருந்து இருக்கிறது. அதில்தான் மலேசியா உலகையே முந்தியது!

சோஃபோஸ்புவிர் மாத்திரை 2013இல் அமெரிக்காவில் வந்தபோது ஒருவருக்கான விலை 84,000 டாலர்! மலேசியா விட்டதா? காப்புரிமையைத் தாண்டி மலிவான மருந்தை வாங்க 2017இல் அரசே உரிமம் கொடுத்தது!

அடுத்து ராவிடாஸ்விர் என்ற மருந்துக்கும் மலேசியா அனுமதி கொடுத்தது. அது ஜூன் 2021! மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 பேருக்கு அந்த மருந்தை சோஃபோஸ்புவிருடன் சேர்த்துக் கொடுத்தார்கள். குணமானவர்கள் 97 விழுக்காடு!

பேராக் பாலில் பிறந்த கவசம்!

1877இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகள் 22. அவற்றில் 9 நம் பேராக்கின் கோலக்கங்சாருக்கு வந்தன. ஒரு மரம் இன்னும் நிற்கிறது! காம்பாரிலிருந்து காரில் போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடலாம்!

விடியுமுன் எழுந்து நம் பாட்டிகளும் தாத்தாக்களும் சீவிய பால்மரங்கள், மங்கில் சொட்டிய அந்தப் பால், உலகத்து மருத்துவர்களின் விரல்களைக் காத்திருக்கிறது! பெருமைப்படுங்கள்!

அறுவை அறையில் ரப்பர் கையுறை நுழைந்தது கிருமிக்குப் பயந்து அல்ல! 1889 வாக்கில் அமெரிக்கத் தாதி கரோலின் ஹாம்ப்டனின் கைகள் மருந்து நீரில் புண்ணாயின. மருத்துவர் ஹால்ஸ்டெட் குட்இயர் கம்பெனியிடம் கையுறை செய்யச் சொன்னார். 1890இல் இருவருக்கும் கல்யாணம்!

ஹால்ஸ்டெட்டின் மருத்துவமனையில் பிறகு எல்லோரும் கையுறை மாட்டினார்கள். குடலிறக்க அறுவையில் 17 விழுக்காடாக இருந்த தொற்று 2 விழுக்காட்டுக்குக் கீழே விழுந்தது!

1987இல் அமெரிக்கா ஒரு விதி போட்டது: எல்லா நோயாளியின் ரத்தத்தையும் கிருமி உள்ளதாகவே நினைத்துக் கையாள வேண்டும்! உலகம் கையுறை தேடி ஓடியது. மலேசியாவில் கையுறைத் தொழிற்சாலைகள் சரசரவென முளைத்தன!

2020இல் உலகம் மாட்டிய ரப்பர் கையுறைகளில் பாதிக்கும் மேல் மலேசியாவில் செய்தவை!

குத்திய பிறகும் கையுறை வேலை செய்யும்! ஊசி அதைத் துளைத்து உள்ளே போகும்போதே ரத்தத்தில் பாதியை அது துடைத்துவிடும்!

இரண்டு கையுறை மாட்டினால்? உள் கையுறை கிழிவது 71 விழுக்காடு குறையும்!

கையுறையே இல்லாமல் ஒரு சாதனை!

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தது யார்? சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும்! ஆண்டு 1986!

நிர்மலா ரத்தம் எடுத்தபோது கையில் கையுறை கிடையாது! மாதிரிகளை வைத்திருந்த இடம்? வீட்டுக் குளிர்பதனப் பெட்டி!

ராத்திரி ரயிலேறிக் காட்பாடி. அங்கிருந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. சோதனையில் 6 மாதிரிகள் மஞ்சளாக மாறின, எச்.ஐ.வி.க்கு அடையாளமாக. இந்தியாவே அதிர்ந்தது!

மூடியைத் தொடாதீர்கள்!

போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டுவதுதான் விரலில் குத்திக்கொள்ள நேர் வழி! அப்படியே போடுங்கள் கூரிய பொருள் பெட்டிக்குள்!

அந்தப் பெட்டியையும் வழிய வழிய நிரப்பாதீர்கள். முக்கால் நிரம்பினால் மூடி முத்திரையிடுங்கள். குப்பை அள்ளும் அண்ணனுக்கும் விரல் 10தான்!

முனை மழுங்கிய தையல் ஊசி அறுவை அறைக்கு வந்துவிட்டது. கையுறையில் ஓட்டை விழுவது 54 விழுக்காடு குறைந்தது!

இத்தனையும் செய்தால் பலன் உண்டா? அமெரிக்காவைப் பாருங்கள். 1985 முதல் 2013 வரை வேலையிடத்தில் எச்.ஐ.வி. தொற்றியதாக உறுதியான மருத்துவப் பணியாளர்கள் 58 பேர். அதில் 1999க்குப் பிறகு எத்தனை பேர் தெரியுமா? ஒரே ஒருவர்!